மாமனாருக்கு ஃப்ளூ வந்து ஐசியூல இருக்கார், இப்போ நுரையீரல்ல பூஞ்சைங்கறாங்க. ஆஸ்பத்திரிலதான் ஒட்டுச்சா?

மத்தவங்களும் படிப்பாங்க, அதனால நீங்க கேட்டதை முதல்ல சுருக்கிச் சொல்லிடறேன். குப்பம் பக்கத்துல ஊரு, மாமனாருக்கு 56 வயசு, சுகர் உண்டு, வேர்க்கடலை வாங்கி விக்கிற வியாபாரம், வீட்டுக்குப் பின்னாடியே குடோன். ஒரு வாரம் காய்ச்சல், உள்ளூர்ல ஊசி மாத்திரை, அப்புறம் மூச்சுத்திணறல்னு பார்டர் தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்க, எச்1என்1 (பன்றிக்காய்ச்சல் ஃப்ளூ) பாசிட்டிவ், அன்னிக்கு ராத்திரியே வெண்டிலேட்டர். மூணாவது நாள் டாக்டர் கூப்பிட்டு லங்ஸ்ல ஃபங்கஸ் இருக்கு, தினமும் ஊசி போடணும், விலை ஜாஸ்தின்னு சொல்லியிருக்கார். இது கருப்பு பூஞ்சையா, கடலைக் குடோன்ல இருந்து வந்துச்சா, ஐசியூ ஏசியில இருந்து வந்துச்சா, வீட்ல குழந்தைங்களுக்கு ஒட்டுமா, அந்த ஊசி நிஜமாவே தேவையான்னு வரிசையா கேட்டிருக்கீங்க. ஆனா கடைசில, மச்சான் ஆஸ்பத்திரியில சண்டைக்கு நிக்கிறார்னு ஒரு வரி எழுதினீங்க பாருங்க, எனக்கு அதுதான் நிஜக் கேள்வின்னு படுது. சுகரைத் தவிர ஒண்ணும் இல்லாம நடமாடிட்டு இருந்த மனுஷனுக்கு இவங்க உள்ள வெச்சு எதையோ ஒட்ட வெச்சுட்டாங்களா, அதுக்கும் சேர்த்து நம்மகிட்டயே பில் போடறாங்களான்னு. அதுக்குத்தான் இந்தப் பதில், மத்ததெல்லாம் போற வழியில வந்துடும்.

நான் யாருன்னு சொல்லிடறேன். மைக்ரோபயாலஜி படிச்ச டாக்டர், பேஷண்ட் பக்கத்துல நின்னு வெண்டிலேட்டர் பாக்கற ஆள் இல்ல, லேப்ல உக்காந்து சளி, ரத்தம், சீழ் இதுல என்ன கிருமி இருக்குன்னு பாத்துச் சொல்றதுதான் என் வேலை. வேலூர், சித்தூர், பலமநேர், குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்துல இருந்தெல்லாம் சாம்பிள் வர்ற இடத்துல பல வருஷம் இருந்திருக்கேன். உங்க மாமனாரோட சிடி ஸ்கேனையோ சார்ட்டையோ நான் பாக்கல, அதனால அவருக்கு இதுதான்னு சொல்ல என்னால முடியாது, சொல்லவும் கூடாது. பொதுவா இந்த வியாதி எப்படி நடந்துக்குது, எதை நம்பலாம், எதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான் என்னால முடியும்.

உறுதியா சொல்லக்கூடியதுல இருந்து ஆரம்பிக்கறேன். ஃப்ளூவுக்குப் பின்னாடி நுரையீரல்ல வர்ற பூஞ்சை பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ்ங்கற வகைதான். இது மண்ணு, வைக்கோல், குப்பை, ஈரச் சுவர், தானியக் குவியல் எல்லா இடத்துலயும் இருக்கு. அதோட வித்து 2, 3 மைக்ரான்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, காத்துல மிதந்துக்கிட்டே இருக்கும், நீங்களும் நானும் தினமும் நூத்துக்கணக்குல உள்ள இழுத்துட்டுத்தான் இருக்கோம். இழுத்தாலும் ஒண்ணும் ஆகறதில்ல, ஏன்னா மூச்சுக்குழாய் உள்பக்கம் சின்னச் சின்ன ரோமம் மாதிரி இருக்கறது சளியோட சேர்த்து அதை மேல தள்ளிவிட்டுடும், அதையும் தாண்டி கீழ போனதை வெள்ளை அணுக்கள் தின்னு முடிச்சிடும். கடுமையான ஃப்ளூ வந்தா இந்த ரெண்டு காவலும் ஒரே நேரத்துல போயிடுது. வைரஸ் மூச்சுக்குழாயோட உள்தோலை உரிச்சுப் போட்டுடுது, மிஞ்சியிருக்கிற வெள்ளை அணுக்களுக்கும் பூஞ்சையைக் கொல்ற சக்தி கொஞ்ச நாளைக்குக் குறைஞ்சிடுது. ஏரிக்கரை உடைஞ்ச மாதிரிதான், தண்ணி புதுசா எங்கிருந்தும் வரல, எப்பவும் நின்ன தண்ணிதான், ஆனா இப்போ ஊருக்குள்ள வந்துடுச்சு.

இதை ஆஸ்பத்திரிக்காரன் ஆஸ்பத்திரிக்கு சப்போர்ட் பண்ணி கட்டற கதைன்னு நினைச்சுக்காதீங்க, கணக்கு இருக்கு. 2009ல பன்றிக்காய்ச்சல் உலகம் பூரா வந்தப்பதான் டாக்டர்ங்க இதை நிறைய கவனிக்க ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் ரத்தப் புற்றுநோய், கீமோ, உறுப்பு மாற்று இப்படிப்பட்டவங்களுக்குத்தான் இது வரும்னு எல்லாரும் நினைச்சுட்டு இருந்தோம். அப்புறம் பெல்ஜியம், நெதர்லாந்துல 7 ஐசியூக்கள்ல 2009ல இருந்து 2016 வரைக்கும் ஃப்ளூவோட அட்மிட் ஆன 432 பேரை எடுத்துப் பாத்து 2018ல ஒரு ஆய்வு வந்துச்சு. அதுல 83 பேருக்கு, அதாவது 19 சதவீதம் பேருக்கு, இந்தப் பூஞ்சை இருந்துச்சு. ஏற்கனவே எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்கள்ல 32 சதவீதம், அப்படி எந்தக் குறையும் இல்லாதவங்கள்லயும் 14 சதவீதம். இதே ஐசியூக்கள்ல, எதிர்ப்பு சக்தி குறையாம, ஃப்ளூவும் இல்லாம வேற கிருமியால கடும் நிமோனியா வந்து படுத்திருந்தவங்கள்ல 5 சதவீதம்தான். அதே காத்து, அதே ஏசி, அதே வெண்டிலேட்டர், வித்தியாசம் ஃப்ளூ மட்டும்தான். வேற நாடுகள்ல கணக்கு எடுத்தப்போ இதைவிட ரொம்பக் குறைவாவும் வந்திருக்கு, எவ்வளவு தேடறோம், எந்த அளவுகோல் வெச்சுக்கறோம்கறதைப் பொறுத்து மாறும், அதனால 19ங்கற நம்பரைக் கல்வெட்டா எடுத்துக்க வேண்டாம். ஆனா ஃப்ளூ தனியாவே ஒரு காரணம்கறதுல இப்போ பெரிசா சண்டை இல்ல.

அதைவிட உங்க மச்சான் கவனிக்க வேண்டியது நாள் கணக்கு. அந்த ஆய்வுல பூஞ்சை கண்டுபிடிச்சது சராசரியா ஐசியூவுக்கு வந்து 3 நாள்லயே. அதுக்கப்புறம் 2021ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஐசியூவுக்கு வந்த உடனே பூஞ்சை மருந்தை முன்கூட்டியே கொடுத்தா தடுக்கலாமான்னு பாத்தாங்க. பெரிய பலன் தெரியல, ஏன்னா பூஞ்சை வந்தவங்கள்ல பத்துக்கு ஏழு பேருக்கு உள்ள வந்து 48 மணி நேரத்துக்குள்ளயே அது ஏற்கனவே இருந்துச்சு. அதாவது வீட்ல காய்ச்சலோட படுத்திருந்த அந்த வாரத்துலயே உள்ள வேர் பிடிக்க ஆரம்பிச்சிருக்கு. உங்க மாமனாருக்கு மூணாவது நாள் சொன்னாங்கன்னா அந்தக் கணக்கோட சரியா ஒத்துப்போகுது. மூணு நாள்ல கண்டுபிடிச்சதை நான் அந்த டாக்டரோட தப்புன்னு சொல்ல மாட்டேன், தேடியிருக்கார்ன்னுதான் சொல்லுவேன், நிறைய இடத்துல தேடவே மாட்டாங்க, ஆன்டிபயாடிக்கை மாத்தி மாத்திப் போட்டுட்டு பத்தாவது நாள் கையை விரிப்பாங்க.

அதுக்காக ஆஸ்பத்திரி மேல எப்பவுமே தப்பு இருக்காதுன்னு சொல்ல வரல. ஆஸ்பத்திரிக்குள்ள இடிக்கற வேலை, கட்டட வேலை நடந்து, அந்தத் தூசி வார்டுக்குள்ள வந்து கும்பலா பலருக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் வந்த சம்பவங்கள் உலகத்துல நிறைய பதிவாகியிருக்கு. ஐசியூ பக்கத்துல சுவர் இடிக்கறாங்களா, ஃபால்ஸ் சீலிங் திறந்து கிடக்குதா, அதே சமயத்துல இன்னும் ரெண்டு மூணு பேருக்கு இதே பூஞ்சையான்னு பாருங்க, இருந்தா அதைக் கேக்கறது நியாயம்தான். வெறும் ஏசி ஓடுதுங்கறது மட்டும் ஒரு சாட்சியே இல்ல.

இன்னொண்ணு, எனக்கு இதுலதான் கோவம் வரும், ஸ்டீராய்டு. காய்ச்சல் குறையல, மூச்சு வாங்குதுன்னு உள்ளூர்ல ஒரு டெக்ஸா (டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு) ஊசி, கூட ஒரு ஆன்டிபயாடிக், பேஷண்டுக்கும் உடனே தெம்பா இருக்கும். கோவிட்ல ஆக்சிஜன் தேவைப்பட்டவங்களுக்கு ஸ்டீராய்டு உயிரைக் காப்பாத்துச்சு, அது நிரூபணமானது. அதைப் பாத்துட்டு ஃப்ளூவுக்கும் அப்படியே போடறாங்க. ஃப்ளூவுல அது உதவுதுன்னு நல்ல ஆதாரம் இல்ல, ஸ்டீராய்டு வாங்கினவங்கள்ல சாவு ஜாஸ்தின்னுதான் பல கணக்குகள் காட்டுது, பூஞ்சை வர்ற வாய்ப்பு கூடுதுன்னு நான் மேல சொன்ன ஆய்வுலயே வந்துச்சு. இங்க ஒரு சந்தேகத்தையும் சேர்த்துச் சொல்லணும், ரொம்ப முடியாதவங்களுக்குத்தான் டாக்டர்ங்க ஸ்டீராய்டு போடுவாங்க, அதனால சாவு மருந்தாலயா நோயோட கடுமையாலயான்னு இந்த மாதிரிக் கணக்குல முழுசா பிரிக்க முடியாது. பிரஷர் இறங்கி ஷாக்ல போனவங்க, ஏற்கனவே ஆஸ்துமா இருக்கறவங்க, இவங்களுக்கு வேற காரணத்துக்காகப் போட வேண்டியும் வரலாம். நீங்க உள்ளூர்ல போட்ட ஊசி சீட்டை எடுத்துட்டுப் போய் ஐசியூ டாக்டர்கிட்ட காட்டுங்க, திட்டுவாரோன்னு மறைக்காதீங்க, எத்தனை நாள் என்ன போட்டாங்கன்னு அவருக்குத் தெரியணும். சுகரும் இதோட சேர்ந்து எகிறும், அதையும் அவங்க பாத்துக்கணும்.

குடோன் விஷயத்துக்கு வர்றேன். ஆஸ்பெர்ஜில்லஸ்ல ஃபுமிகாடஸ், ஃப்ளேவஸ், நைஜர், டெர்ரியஸ்னு பல இனம் இருக்கு. இதுல ஃப்ளேவஸ் வேர்க்கடலைக்குப் பழைய சொந்தக்காரன், ஈரத்தோட அடைச்சு வெச்ச கடலையில அஃப்ளடாக்ஸின் விஷம் சுரக்கறது அதுதான், கடலை ஏற்றுமதி பண்றவங்களைக் கேட்டீங்கன்னா அந்தப் பேரைக் கேட்டாலே முகம் மாறும். நம்ம நாட்டு ஆஸ்பத்திரி லேப்கள்லயும் ஃப்ளேவஸ் அடிக்கடி வளரும். சித்தூர் ஜில்லாவுல மழை நாள்ல குடோனைத் திறந்து மூட்டையைப் புரட்டினா, தோலுல இருந்து பச்சையா மஞ்சளா ஒரு பொடி எழும்பும், மூக்குல ஏறி தும்மல் வரும், அதைப் பாத்திருப்பீங்க, அதுல பூஞ்சை வித்து ஏராளமா இருக்கும். அப்போ குடோன்ல இருந்துதான் வந்துச்சான்னா, வந்திருக்கலாம். நிரூபிக்க முடியாது. லேப்ல ஃப்ளேவஸ் வளர்ந்தாலும் அது குடோன் ஃப்ளேவஸா ரோட்டோர ஃப்ளேவஸான்னு சாதாரண கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பாக்கற டெஸ்ட்) சொல்லாது. அத்தனை வருஷமா அதே தூசியில நின்னவருக்கு இப்ப மட்டும் ஏன்னு கேட்டா, திரும்பவும் ஃப்ளூன்னுதான் பதில் வரும். மாமியாரைக் குடோனை வெச்சுக் குத்திக்காட்டாதீங்க.

கருப்பு பூஞ்சையான்னு கேட்டீங்க. 2021ல கோவிட் ரெண்டாவது அலைல நம்ம பக்கம் கண்ணு, மேல்தாடை எடுக்க வேண்டி வந்துச்சே, அது மியூகர் வகை, வேற குடும்பம். அந்த வருஷம் மே மாசம் மத்திய அரசு அதை அறிவிக்க வேண்டிய நோயா ஆக்கச் சொல்லுச்சு, அந்தப் பயம் ஜனங்களுக்கு இன்னும் போகல. நாங்க ரெண்டையும் எப்படிப் பிரிக்கறோம்னா, பிராங்கோஸ்கோப்பி, அதாவது மூச்சுக்குழாய்க்குள்ள கேமரா குழாய், போட்டு நுரையீரலுக்குள்ள சலைன் விட்டுக் கழுவி உறிஞ்சின தண்ணி ஒரு சின்ன டப்பாவுல வரும், லேசா ரத்தம் கலந்து, மேல நுரையோட. அதை மெஷின்ல சுத்தவிட்டு அடியில தங்கறதுல ஒரு சொட்டு எடுத்து கண்ணாடித் தகட்டுல வெச்சு, மேல பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, சளியெல்லாம் கரையற வரைக்கும் கொஞ்ச நேரம் விட்டுடுவோம். அப்புறம் மைக்ராஸ்கோப்புல பாத்தா, ஆஸ்பெர்ஜில்லஸா இருந்தா ஒல்லியான, ஒரே அகலமான இழை, நடுநடுவுல குறுக்குச் சுவர், கிட்டத்தட்ட 45 டிகிரில ஒய் எழுத்து மாதிரி ரெண்டா பிரிஞ்சு போகும். மியூகரா இருந்தா அகலமா, மடிஞ்ச ரிப்பன் மாதிரி, சுவர் ஏறக்குறைய இருக்காது, கண்ட கோணத்துல கிளை போகும். இதைப் பாத்த உடனே ஐசியூவுக்கு ஃபோன் பண்ணுவோம், ரிப்போர்ட் டைப் ஆகற வரைக்கும் காத்திருக்க மாட்டோம், ஏன்னா மருந்தே வேற. ஆஸ்பெர்ஜில்லஸுக்கு முதல்ல போடற வோரிகோனசோல் மியூகரை ஒண்ணும் பண்ணாது. அதனால உங்க டாக்டர் போடச் சொன்ன ஊசி வோரிகோனசோலா, மியூகருக்கு முதல்ல போடற ஆம்போடெரிசினான்னு பேரைக் கேளுங்க, அவர் மனசுல எது இருக்குன்னு அதுலயே பாதி தெரிஞ்சிடும்.

இப்போ சந்தேகமான பகுதி. பூஞ்சை இருக்குன்னு எதை வெச்சுச் சொன்னாங்க? இதுதான் நீங்க கேக்க வேண்டிய முதல் கேள்வி. தொண்டைக்குழாய்ல உறிஞ்சின சளியில பூஞ்சை வளர்ந்துச்சுங்கறது மட்டும் போதாது, அது சும்மா அங்க ஒட்டிக்கிட்டும் இருக்கலாம். சளியில கேண்டிடான்னு (வாய்லயும் குடல்லயும் சாதாரணமாவே இருக்கற ஈஸ்ட் வகைப் பூஞ்சை) ரிப்போர்ட் வந்திருந்தா, அதை வெச்சு நுரையீரல்ல பூஞ்சைன்னு சொல்றது அநேகமா தப்பு, ஐசியூல வாரக்கணக்குல படுத்தவங்க சளியில கேண்டிடா இல்லாம இருந்தாத்தான் ஆச்சரியம். நுரையீரலைக் கழுவின தண்ணியில கேலக்டோமன்னன்னு ஒரு டெஸ்ட் பண்ணுவாங்க, பூஞ்சையோட சுவர்ல இருந்து வர்ற சர்க்கரை அது, ஃப்ளூ பேஷண்டுக்கு அந்தத் தண்ணியில 1 அல்லது அதுக்கு மேல வந்தா, ஸ்கேன்லயும் நிழல் இருந்தா, நிபுணர்கள் குழு வகுத்த அளவுகோல்படி அனேகமா இதுதான்னு எடுத்துக்கலாம். ரத்தத்துலயும் இதே டெஸ்ட் உண்டு, பாசிட்டிவா வந்தா பலமான சாட்சி, ஆனா நெகடிவ்னு வந்தா இல்லவே இல்லன்னு அர்த்தம் கிடையாது, இந்த நோய்ல மூணுல ஒருத்தருக்கு ரத்தத்துல வராமலே போகும். சாதாரண ரத்தக் கல்ச்சர்ல ஆஸ்பெர்ஜில்லஸ் வளரவே வளராதுன்னு வெச்சுக்கலாம். சிடி ஸ்கேனும் இங்க முழு உதவி பண்ணாது, கீமோ பேஷண்டுக்குப் பூஞ்சைக் கட்டியைச் சுத்தி ஒரு வட்டம் தெரியும்பாங்க, ஃப்ளூவுல நுரையீரல் ஏற்கனவே வெள்ளையா கிடக்கறதால அது தனியா தெரியாது. பிராங்கோஸ்கோப்பி போட்டப்போ மூச்சுக்குழாய் சுவர்லயே வெள்ளையா படலம் ஒட்டியிருந்துச்சான்னும் கேளுங்க, இருந்தா அது கடுமையான வகை, தாமதிக்கவே கூடாது. பல நேரத்துல ஆக்சிஜன் ரொம்பக் குறைவா இருந்து பிராங்கோஸ்கோப்பியே போட முடியாது, அப்போ டாக்டர் கிடைச்ச சாட்சியை வெச்சு மருந்தை ஆரம்பிச்சுட்டுப் பின்னாடி உறுதி பண்ணுவார். அதுல தப்பில்ல, நானா இருந்தாலும் அப்படித்தான் ஆரம்பிக்கச் சொல்லுவேன். டெஸ்ட் எதுவுமே அனுப்பாம வாரக்கணக்குல ஊசி மட்டும் ஓடினா அப்போ கேள்வி கேளுங்க.

ஊசி தேவையான்னா, நோய் நிஜம்னா கண்டிப்பா தேவை, தள்ளிப்போடக் கூடாது. 2002ல வந்த ஒரு பெரிய ஆய்வுல வோரிகோனசோல் போட்டவங்கள்ல 12 வாரம் கழிச்சு 71 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க, பழைய ஆம்போடெரிசின் போட்டவங்கள்ல 58. ஆனா அது பெரும்பாலும் ரத்தப் புற்றுநோய்க்காரங்களை வெச்சுப் பண்ணது, ஃப்ளூ ஐசியூ பேஷண்டுக்கு அதே கணக்கு அப்படியே வரும்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது, அங்க இருந்துதான் இங்க கொண்டுவந்து பயன்படுத்தறோம். இந்த மருந்தை ஒருத்தர் உடம்பு சீக்கிரம் உடைச்சுத் தள்ளிடும், இன்னொருத்தர் உடம்புல தேங்கிடும், அது பரம்பரையா வர்றது, நம்ம ஆசிய ஜனங்கள்ல தேங்கற ரகம் வெள்ளைக்காரங்களைவிட ஜாஸ்தி. அதனால சில நாள் கழிச்சு ரத்தத்துல மருந்து அளவு பாக்கணும், அடுத்த டோசுக்கு முன்னாடி எடுக்கற ரத்தத்துல லிட்டருக்கு 1ல இருந்து 5.5 மில்லிகிராம் வரைக்கும் இருந்தா நல்லது. லிவர் டெஸ்டும் பாக்கணும். அவர் முழிச்சதுக்கப்புறம் கண்ணு கூசுது, கலர் மாறித் தெரியுது, சுவர்ல யாரோ நிக்கறாங்கன்னு சொன்னா பேய் பிசாசுன்னு மந்திரிக்கப் போகாதீங்க, மருந்தோட வேலையா இருக்கலாம், நர்ஸ்கிட்ட சொல்லுங்க. கிட்னி கெட்டிருந்தா ஊசி வடிவத்தை யோசிச்சுத்தான் போடணும், அப்போ இசாவுகோனசோல்னு இன்னொண்ணு இருக்கு, லைப்போசோமல் ஆம்போடெரிசினும் இருக்கு, ஆம்போடெரிசின் போட்டா கிட்னியையும் பொட்டாசியத்தையும் தினம் பாப்பாங்க. மருந்து மொத்தமா குறைஞ்சது 6ல இருந்து 12 வாரம் போகும், ஆனா முழுக்க ஊசி இல்ல, வாயில சாப்பிட ஆரம்பிச்சதும் மாத்திரைக்கு மாத்துவாங்க, செலவு அங்க நல்லா குறையும்.

இதுல ஒரு விஷயம் நம்ம விவசாயிங்களுக்கே தெரியாது. கடலையில இலைப்புள்ளிக்கு அடிக்கற டெபுகோனசோல், ஹெக்ஸாகோனசோல் எல்லாம் இந்த வோரிகோனசோலுக்குப் பங்காளி மருந்துங்க. வயல்ல அதையே அடிச்சு அடிச்சு ஆஸ்பத்திரி மருந்துக்கும் மசியாத ஃபுமிகாடஸ் உருவாகுதுன்னு நெதர்லாந்துல முதல்ல கவனிச்சாங்க, இந்தியாவுலயும் மண்ணுல, நோயாளிங்ககிட்ட ரெண்டுலயும் கண்டுபிடிச்சிருக்காங்க. ஊசி ஆரம்பிச்சு ஒரு வாரம் ஆகியும் தேறலன்னா, வளர்ந்த பூஞ்சை எந்த இனம், மருந்துக்குக் கட்டுப்படுதான்னு டெஸ்ட் பண்ணச் சொல்லிக் கேக்கறதுல தப்பே இல்ல. டெர்ரியஸ்னு வந்தா ஆம்போடெரிசின் வேலை செய்யாது, அதனால இனம் தெரியறது சும்மா பேருக்காக இல்ல.

பிழைப்பாரான்னு நீங்க கேக்கல, ஆனா கேக்காம விட்டதும் தெரியுது. அந்த பெல்ஜியம் ஆய்வுல ஃப்ளூவோட பூஞ்சையும் சேர்ந்தவங்கள்ல 90 நாள்ல 51 சதவீதம் பேர் இறந்துட்டாங்க, பூஞ்சை இல்லாத ஃப்ளூ பேஷண்டுகள்ல 28. ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 56 வயசு, முன்னாடியே தெரிஞ்சது, மருந்தை உடனே ஆரம்பிச்சா அதுவும், இதெல்லாம் அவர் பக்கம். வெண்டிலேட்டர், சுகர் இதெல்லாம் எதிர்ப்பக்கம். இதுக்கு மேல யாராவது சதவீதம் சொன்னா நம்பாதீங்க. தினமும் டாக்டர்கிட்ட ஆக்சிஜன் எவ்வளவு வெச்சிருக்கீங்க, நேத்தைவிடக் குறைஞ்சுதா, பிரஷருக்கு மருந்து ஓடுதா, யூரின் போகுதான்னு இந்த நாலைக் கேளுங்க, அதுவே போதும்.

மச்சான்கிட்ட சண்டையை நிறுத்தச் சொல்லுங்க, இதுவரைக்கும் நீங்க எழுதினதுல சண்டை போட ஒண்ணும் எனக்குத் தெரியல. அந்த சக்தியை பில் கவுண்டர்ல காட்டட்டும். ஆந்திரா ரேஷன் கார்டு வெச்சு தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில எந்தத் திட்டம் செல்லும், பூஞ்சை மருந்து அந்தப் பேக்கேஜுக்குள்ள வருதா வெளியிலயா, வேற கம்பெனி மருந்து விலை குறைவா கிடைக்குமா, வெளியில வாங்கிக் கொடுத்தா ஒத்துக்குவாங்களா, இதெல்லாம் இன்னிக்கே கேக்க வேண்டியது, பத்து நாள் பில் ஏறினதுக்கு அப்புறம் கேட்டா பிரயோஜனம் இல்ல.

வீட்ல குழந்தைங்களுக்குப் பூஞ்சை ஒட்டாது, ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு மூச்சுல பரவற நோய் இல்ல இது, அவர் துணி, தட்டு எதையும் எரிக்க வேண்டாம். ஃப்ளூ ஒட்டும். உங்க கொழுந்தியா மாசமா இருக்காங்க, அவங்கதான் முதல் வாரம் மாமனாருக்குக் கஞ்சி வெச்சுக் கொடுத்தாங்கன்னு எழுதியிருந்தீங்க, அவங்களுக்குக் காய்ச்சல், இருமல் எது வந்தாலும் ரெண்டு நாள் பாக்கலாம்னு விடாம அன்னிக்கே காட்டுங்க, ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்லா கேக்கும், கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கறதுதான், டாக்டர் எழுதித் தருவார். குடோனை இப்போதைக்குப் பூட்டியே வைங்க, அப்புறம் வேலையாள் யாராவது மாஸ்க் கட்டிட்டு, கதவு ஜன்னல் திறந்து விட்டு, அழுகின மூட்டையை வெளியில எடுத்துப் போடட்டும், மாமனார் வீட்டுக்கு வந்தாலும் மருந்து முடியற வரைக்கும் அந்தப் பக்கம் போக வேண்டாம். கேலக்டோமன்னன் ரிப்போர்ட் கைக்கு வந்தா நம்பரை மட்டும் இங்க கீழ போடுங்க, பேரை மறைச்சுட்டு, பாத்துட்டுச் சொல்றேன்.